கொடைகளின் நகரம் பகான்

மியன்மாரின் நடுவே, ஐராவதி ஆறு வளைந்து திரும்பும் ஓரிடத்தில், கிழக்குக் கரையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது பகான். 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை பர்மிய அரசின் தலைநகராக இருந்த ஊர். கோயில்கள், தூபிகள், மடங்கள் என்று யுனெஸ்கோவின் பதிவில் மட்டும் 3,595 சின்னங்கள் இருக்கின்றன. மண்மேடாகிப் போனவற்றையும் சேர்த்த கணக்கு அது; கட்டடமாக நிற்பவை என்று எண்ணினாலும் 2,200க்கு மேல் தேறும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவதே நல்லது என்று பயணக் கையேடுகள் எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன. ஏப்ரலில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். டிசம்பரில் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். விடியற்காலையில் போர்வை தேடவேண்டியிருக்கும். உடம்புக்கு இதம் என்பது உண்மைதான். ஆனால் பனிக்காலத்தில் போவதற்கு அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு என்பது என் எண்ணம். பகானை எழுப்பியது கொடை. அதன் கருவூலத்தை வற்றவைத்ததும் கொடை. இன்றுவரை அதை வெறும் இடிபாடாகிவிடாமல் காத்து வருவதும் கொடையே. மழை நின்று வயல் வேலை ஓய்ந்த மாதங்களில்தான் இந்த மூன்றும் ஒருசேரக் கண்ணுக்குப் புலப்படும்.

முதலில் நிலத்தைப் பார்க்கவேண்டும். வங்கக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை அராக்கன் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் நடு மியன்மாருக்கு மிச்சம்தான் கிடைக்கிறது. பகானில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் வாக்கில்தான் மழை. நம் தூத்துக்குடிச் சீமைக்குப் பெய்யும் அளவை ஒட்டியது. கண்ணுக்குப் படுவதும் ஏறக்குறைய அந்தச் சீமைதான். பனை, இலந்தை, புளி, வேம்பு. எள்ளும் நிலக்கடலையும் விளையும் செம்புழுதிக் கொல்லைகள். பனையேறிகள் ஏணி சாத்தி ஏறிப் பதநீர் இறக்குகிறார்கள். அடியில் கொப்பரையில் காய்ச்சி வெல்லம் பிடிக்கிறார்கள். நெல் வயலை மட்டும் தேடிப் பார்க்கவேண்டும்.

மழைக்காலத்தில் போகிறவருக்கு இந்த வறட்சி தெரியாது. புல் முளைத்துக் கோயில்களின் அடித்தளத்தை மூடிவிடும். ஆறும் கரை தொட்டு ஓடும். டிசம்பருக்குப் பிறகோ ஐராவதி வடிந்து நடு ஆற்றில் மணல் திட்டுகள் எழுகின்றன. கரையோரக் குடியானவர்கள் அந்த வண்டல் மீது குடிசை போட்டுக் கடலையும் காய்கறியும் பயிரிடுகிறார்கள். அடுத்த வெள்ளம் வருமுன் அறுத்துக்கொண்டு கரையேறிவிடுவார்கள். இதைப் பார்த்தபின் எழுகிற கேள்வி ஒன்றே. இத்தனை கொத்தர்களுக்கும் ஓவியர்களுக்கும் துறவிகளுக்கும் இந்த வறண்ட மண்ணில் சோறு எங்கிருந்து வந்தது?

வடகிழக்கே வெகு தொலைவில் இருக்கிற கியாவுக்சேயிலிருந்தும், ஆற்றின் மேற்குக் கரையில் தெற்கே இருக்கிற மின்புவிலிருந்தும் வந்தது. மலைகளில் பிறக்கும் சிற்றாறுகளை அணைகட்டி மறித்து, வாய்க்கால் வெட்டி, மழையை நம்பாத நெல் வயல்களை அங்கே உருவாக்கியிருந்தார்கள். இந்தப் பாசன வேலைகளில் பெரும்பகுதியை 1044இல் அரியணை ஏறிய அனவ்ரதாவின் பெயரில் பர்மிய மரபு ஏற்றிச் சொல்கிறது. அவனுக்கு முன்பே அணைகள் இருந்தன என்பதும், அவன் அவற்றைப் பெருக்கித் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தான் என்பதும் பொருந்தக்கூடிய விளக்கம். பகான் நின்ற இடம் வறண்டதாக இருந்தாலும், ஆற்றுப் போக்குவரத்தைப் பிடித்திருந்தது. நெல் விளைந்த இடங்கள் அதன் பிடிக்குள் இருந்தன. நகரத்தின் செல்வம் முழுக்க வேறெங்கோ விளைந்து படகேறியும் வண்டியேறியும் வந்தது. பகானின் பிற்காலத் துயரத்தைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி தேவைப்படும்.

வந்த செல்வம் எப்படிச் செங்கல்லாக மாறியது என்பதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பகான் என்றதும் பெருமன்னர்கள் கட்டிய பெருங்கோயில்களே நினைவுக்கு வரும்: கியான்சித்தாவின் ஆனந்தா, அலாவுங்சித்துவின் தபின்யூ, நரபதிசித்து 1183இல் கட்டிய சூலாமணி. ஆனால் இத்தகைய பெருங்கோயில்கள் சிலவே. எஞ்சிய ஆயிரக்கணக்கானவை நாலாள் நின்றால் நிரம்பிவிடும் சிறு கட்டடங்கள். அரசிகளும் அமைச்சர்களும் அதிகாரிகளும் துறவிகளும் வசதியுள்ள குடிமக்களும் எழுப்பியவை. பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்தக் கொடையாளிகள் கணக்குச் சொல்வதில் கூச்சப்படவில்லை. கொத்தனுக்கும் தச்சனுக்கும் ஓவியனுக்கும் கொடுத்த வெள்ளி எவ்வளவு, நெல் எவ்வளவு, பாக்கு எவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு எழுதிவைத்த வயல், பசு, பனைமரம் எல்லாம் அதில் வரும். வேலை செய்தவர்கள் கூலி பெற்றுச் செய்தார்கள் என்பது இக்கல்வெட்டுகளால்தான் தெரியவந்தது. சாட்டையடியில் எழுந்த நகரம் என்ற கற்பனைக்கு இங்கே இடமில்லை.

ஆனால் அதே பட்டியலில் மனிதர்களும் இருக்கிறார்கள். கோயிலுக்கு அடிமைகளாக எழுதிவைக்கப்பட்டவர்கள். பல கல்வெட்டுகளில் பெயர் பெயராக, குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்; இந்தியர்களும் அவர்களுள் உண்டு. விளக்கேற்ற, சோறு சமைக்க, வளாகத்தைப் பெருக்க, கோயில் வயலை உழ என்று அவர்களும் அவர்கள் சந்ததியும் அந்தக் கோயிலுக்கே உரியவர்கள் ஆனார்கள். கொடுத்தவருக்குப் புண்ணியம் சேர்ந்தது. அதைச் சுமந்தவர்கள் வேறு ஆட்கள். பகானின் அழகில் மனம் தோயும்போதெல்லாம் இந்தப் பெயர்களையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

இந்தக் கொடை மரபின் உச்சமான ஆவணம் மியின்கபா கிராமத்தில் இருக்கும் மியாசேதி தூண். நான்கு முகம் கொண்ட கல். ஒரே செய்தியைப் பாளி, மொன், பியு, பர்மியம் என்று முகத்துக்கு ஒரு மொழியில் சொல்கிறது. அதற்கு முன் யாராலும் படிக்க முடியாமல் கிடந்த பியு மொழியைச் சார்லஸ் ஓட்டோ பிளாக்டன் 1911இல் படித்தது இந்தத் தூணின் துணையால்தான். 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இது சேர்ந்தது. எழுத்தியல் ஆய்வாளர்களுக்கு இது பொக்கிஷம். எனக்கோ அதில் வரும் கதைதான் பெரிதாகப் படுகிறது.

புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 1,628 ஆண்டுகள் கழிந்தபின் அரியணை ஏறிய மன்னன் என்று கியான்சித்தாவை அது அறிமுகப்படுத்துகிறது. கணக்குப் போட்டால் 1084 வருகிறது. அவனுடைய அன்புக்குரிய தேவி ஒருத்தி. அவளுக்கு ராஜகுமாரன் என்றொரு மகன். அவளுக்கு மன்னன் மூன்று அடிமைக் கிராமங்களைக் கொடுத்திருந்தான். அவள் இறந்ததும் அவளுடைய அணிகலன்களையும் கிராமங்களையும் மகனுக்கே கொடுத்தான். 28 ஆண்டு ஆட்சிக்குப் பின் மன்னன் சாகக் கிடந்தபோது, தன்னை வளர்த்த நன்றிக்காக ராஜகுமாரன் பொன்னால் ஒரு புத்தர் உருவம் செய்து படுக்கைக்கு எடுத்துவந்து காட்டினான். அந்த மூன்று கிராமங்களையும் அதற்கே கொடுக்கப்போவதாகச் சொன்னான். மன்னன் மகிழ்ந்து வாழ்த்தினான். துறவிகள் முன்னிலையில் நீர் வார்த்துக் கொடை நிறைவேறியது. பிறகு குகை போன்ற ஒரு கோயிலை எழுப்பி அந்தப் பொன்னுருவத்தை அதில் வைத்தான். இந்தக் கொடைக்குக் கேடு செய்பவன் வருங்காலப் புத்தராகிய மைத்ரேயரைக் காணாமல் போகட்டும் என்று கல்வெட்டு முடிகிறது.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு அந்நிய உணர்வே வராது. நீர் வார்த்துக் கொடுப்பதும், கொடையை அழிப்பவனுக்குக் கேடு சொல்வதும் நம் கோயில் சுவர்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் காண்பவை. அங்கே மைத்ரேயரின் தரிசனம் கிட்டாது என்றால், இங்கே கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம் சேரும் என்பார்கள். பல்லாண்டுகள் நிலைக்கவேண்டிய ஓர் ஏற்பாட்டைக் காக்க அரச ஆணை மட்டும் போதாது என்பதை இரு கரையிலும் உணர்ந்திருக்கிறார்கள்.

ராஜகுமாரன் கட்டிய கோயில் குபியாவுக்ஜி. மியாசேதி தூணுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் கண் சில நிமிடம் எதையும் காணாது. துளைகள் இட்ட சன்னல்கள் வழியே வடிகட்டிய வெளிச்சம்தான் வருகிறது. பழகியபின் சுவர் முழுவதும் சதுரம் சதுரமாகப் பிரித்து வரைந்த, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள் துலங்கும். ஒவ்வொன்றின் கீழும் மொன் மொழியில் விளக்கம். தொள்ளாயிரம் ஆண்டு வயதுள்ள ஓவியங்கள். அந்தச் சுண்ணப் பூச்சும் நிறமும் இத்தனை காலம் தாங்கியதில் வறண்ட தட்பவெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நெல்லுக்கு ஆகாத வானம் ஓவியத்துக்கு ஆகிவந்திருக்கிறது.

பகான் கோயில்களில் வெளிச்சத்தை ஒட்டியே ஒரு வரலாறு சொல்லலாம். தொடக்கக் காலத்தவை குகைபோல் இருண்டவை. போகப்போகச் சன்னல்கள் அகன்று, கூடங்கள் உயர்ந்து, 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உள்ளே பகல் புகுந்துவிடுகிறது. 1105 வாக்கில் எழுந்த ஆனந்தா இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நடுவில் திண்மையான ஒரு கட்டை. அதன் நான்கு முகத்திலும் சுமார் ஒன்பதரை மீட்டர் உயரத்தில், பொன் பூசிய, நிற்கும் நிலைப் புத்தர்கள். வடக்கிலும் தெற்கிலும் நிற்பவை பழையவை. மற்ற இரண்டும் பிற்காலத்தவை. மேலே மறைவாக அமைத்த திறப்புகளின் வழியாக வெளிச்சம் புத்தர்களின் முகத்தில் மட்டும் விழுகிறது. பார்ப்பவர் நிற்கும் இடம் மங்கலாகவே இருக்கும். மேற்குப் புறத்தில் கௌதமரின் காலடியில் இரண்டு சிறு உருவங்கள் மண்டியிட்டிருக்கின்றன: ஒருவன் கியான்சித்தா, மற்றவர் அவனுடைய குரு சின் அரகான் என்பது மரபு. இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டியவன் அதற்குள் தன்னை அந்த அளவுக்குத்தான் காட்டிக்கொண்டான்.

பருவத்துக்கும் இந்த வெளிச்சத்துக்கும் தொடர்பு இருக்கிறது. பகான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 21 டிகிரியில் இருக்கிறது. ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கும். கட்டடத்தின் மேல்தளங்களைக் காய்ச்சும், உள்ளே நுழையாது. டிசம்பர் நடுப்பகலில் அது தெற்கு வானில் பாதி உயரத்துக்குத்தான் ஏறுகிறது. அதனால் தெற்கு வாசல்களிலும் சன்னல்களிலும் வெயில் சாய்வாக நுழைந்து கூடங்களின் உள்வரைக்கும் எட்டுகிறது. சூலாமணியின் சுவரோவியங்களையும் தம்மயன்ஜி கோயிலின் செங்கல் இணைப்புகளையும் பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. விரல் நுழைய இடமில்லாமல் செங்கல்லோடு செங்கல் பொருந்தியிருப்பதைச் சாய்ந்த வெயிலில்தான் முழுதாக உணர முடியும்.

கட்டுமானத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானமும் பகானின் தபின்யூவும் ஏறக்குறைய ஒரே உயரம், 60 மீட்டருக்கு மேல்; காலத்தாலும் ஒன்றரை நூற்றாண்டுக்குள் அடங்கியவை. ஆனால் வழி வேறு. நம் தச்சர்கள் கருங்கல்லை அடுக்கடுக்காக உள்நோக்கி நீட்டி மேலே ஒடுக்கிக்கொண்டு போனார்கள். பகான் கொத்தர்கள் செங்கல்லை ஆப்பு வடிவில் வரிசையாகச் செருகி, ஒன்றை ஒன்று தாங்கும் உண்மையான வளைவுகளைக் கட்டினார்கள். அக்கால இந்தியாவில் கோயில் கட்ட அரிதாகவே கையாண்ட முறை அது. கூடத்தின் கூரை, வாசல், மாடிப்படி எல்லாம் இந்த வளைவின் மேல்தான் நிற்கின்றன. எங்கிருந்து அதைக் கற்றார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் அந்தத் திறமை அங்கேயே மெல்ல மங்கிப்போனது. செங்கற்கள் பலவற்றில் அவற்றைச் சுட்டு அனுப்பிய ஊரின் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கிறது. எந்த ஊர் எந்தக் கோயிலுக்குக் கல் அனுப்பியது என்பதை அதைக்கொண்டு தேட முடியும்.

பழைய மதிலுக்குள் நத்லாவுங் என்ற திருமால் கோயில் ஒன்று நிற்கிறது. பௌத்தக் கடலுக்கு நடுவே எஞ்சிய ஒரே வைதிகக் கோயில். அதன் வெளிச்சுவர் மாடங்கள் பத்து அவதாரங்களுக்கு உரியவை. அவற்றுள் புத்தரும் ஒருவர். இதைக் காணும்போது தமிழர் நினைவில் நிற்கவேண்டிய கல்வெட்டு ஒன்று உண்டு. அது கிடைத்த இடம் பழைய நகருக்குச் சற்றுத் தெற்கே இருந்த மியின்பகான். தொடக்கத்தில் கிரந்த எழுத்தில் குலசேகரரின் முகுந்தமாலைச் சுலோகம். பிறகு தமிழில் கொடைச் செய்தி. எழுத்தமைதியால் 13ஆம் நூற்றாண்டு என்று கணித்து, எப்பிகிராபியா இந்திகாவின் ஏழாம் தொகுதியில் கல்வெட்டாய்வாளர் ஹுல்ச் வெளியிட்டார். மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த ஈராயிரன் சிறியான் என்ற குலசேகர நம்பி, பகானில் இருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவிட்டு, நின்றெரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தான் என்பது அதன் சாரம். மகோதயர்பட்டினம் இன்றைய கொடுங்கல்லூர். நானாதேசிகள் பல நாடுகளுக்கும் சென்று வணிகம் செய்த குழுவினர். நத்லாவுங்கே அந்த விண்ணகரமா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இரண்டும் வெவ்வேறாகவும் இருக்கலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த வணிகன் பகானின் வழக்கப்படியே நடந்துகொண்டது. தெய்வம் வேறு, மொழி வேறு. ஆனால் அந்த ஊரில் ஒருவன் தன்னைப் பதிவு செய்துகொள்ளும் முறை ஒன்றுதான்: ஏதேனும் கட்டு, கொடு, கல்லில் எழுது. வங்கக் கடலில் தென்மேற்குக் காற்று கப்பல்களைக் கிழக்கே தள்ளியது. வாடைக்காற்று அவற்றைத் திருப்பி அனுப்பியது. பனிக்காலம் இந்த வணிகர்கள் ஊர் திரும்பப் பாய் விரித்த காலம்.

சோழரும் பகானும் ஒருவரை ஒருவர் அறிந்தே இருந்தார்கள். பியே நகரில் கிடைத்த மொன் மொழிக் கல்வெட்டு ஒன்று, கியான்சித்தா சோழ இளவரசன் ஒருவனுக்குப் பொன்னேட்டில் புத்தரின் பெருமையை எழுதி அனுப்பியதாகச் சொல்கிறது. இன்னொரு செய்தி சீனத்துச் சோங் வரலாற்றில் வருகிறது. 1106இல் பகானிலிருந்து தூதர்கள் வந்தார்கள். சோழருக்குச் செய்த மரியாதையையே இவர்களுக்கும் செய்யுமாறு பேரரசர் சொன்னார். சடங்குத் துறை அதிகாரிகள் மறுத்தார்கள்: சோழர் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியவர்கள், பகானோ தனிப்பெரும் அரசு, எனவே பகானுக்கு உயர்ந்த வகைத் தாளில், பூவேலை செய்த பட்டுறையில் கடிதம் போகவேண்டும் என்றார்கள். அப்படியே நடந்தது. 1025இல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியதை அறிந்த நமக்கு இந்தத் தகவல் தலைகீழாக இருப்பது தெரியும். ஆனாலும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பகானின் பெயர் எவ்வளவு தூரம் எட்டியிருந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

இனி அந்தக் கொடையின் மறுபக்கம். கோயிலுக்கும் துறவிகளின் சங்கத்துக்கும் கொடுத்த நிலத்துக்கு வரி கிடையாது. கொடுத்த ஆட்கள் அரச சேவைக்கு வரவேண்டியதில்லை. அந்தக் கொடை நிரந்தரமானது. ஆண்டுதோறும் புதுக் கொடைகள் சேர்ந்துகொண்டே போக, அரசின் கைக்குள் இருந்த நெல்லும் ஆட்களும் குறைந்துகொண்டே வந்தன. 1280களுக்குள் மேல் பர்மாவின் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை சமயத்துக்குப் போய்விட்டது என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. இந்த வாதத்தை முழுமையாக வளர்த்தெடுத்தவர் மைக்கேல் ஆங்-துவின். 1985இல் வெளிவந்த அவருடைய நூல் பகான் ஆய்வின் திசையையே மாற்றியது. சங்கத்தைத் தூய்மைப்படுத்துவது என்ற பெயரில் மன்னர்கள் அவ்வப்போது நிலத்தை மீட்கப் பார்த்தார்கள் என்று அவர் காட்டினார். 13ஆம் நூற்றாண்டில் கியஸ்வா மன்னன் நேரடியாகவே நிலங்களை எடுக்க முயன்றான், வெற்றி பெறவில்லை. புண்ணியம் சேர்ப்பதே மன்னனின் தகுதி என்று இருக்கும் நாட்டில், கொடுத்ததைத் திரும்பக் கேட்பவன் எப்படி மன்னனாக நிற்க முடியும்?

1277க்கும் 1287க்கும் இடையே மங்கோலியப் படைகள் வந்தன. பகானை அவர்கள்தாம் அழித்தார்கள் என்று பல நூல்களும் வழிகாட்டிகளும் சொல்கின்றன. கோயில்கள் அவர்கள் கையால் விழவில்லை. உள்ளே வலுவிழந்திருந்த அரசு வெளியிலிருந்து வந்த அடியில் சிதறியது என்பதே சரியாக இருக்கும். கியாவுக்சே வயல்களைக் கையில் வைத்திருந்தவர்கள் அடுத்த ஆட்சியாளர்கள் ஆனார்கள். தலைநகரம் போனபின்னும் பகானுக்கு யாத்திரிகர்கள் வந்தார்கள்; சிறு கட்டடங்கள் எழுந்தன; பழையவற்றுக்கு வெள்ளை பூசினார்கள். அந்த வகையில் பகான் ஒருநாளும் கைவிடப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அதற்கு வந்த சோதனைகள் வேறு வகை. 1975 ஜூலை 8 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் பல கோயில்கள் இடிந்தன. ஆற்றங்கரையில் நின்ற புபயா தூபி சரிந்து நீரில் விழுந்தது. அதன்பின் யுனெஸ்கோ உதவியுடன் சீரமைப்பு தொடங்கியது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பியர் பிஷார் ஒவ்வொரு கட்டடமாக அளந்து, படம் வரைந்து, 2,834 சின்னங்களை எட்டுத் தொகுதிகளில் பதிவு செய்தார். தனி ஒருவரின் பெயரால் வந்த இத்தகைய பொறுமையான உழைப்புக்கு இணை சொல்வது கடினம். பகானைப் பற்றி இன்று யார் எழுதினாலும் அந்தத் தொகுதிகளின் தோளில் நின்றே எழுதவேண்டும்.

1990இல் இராணுவ அரசு பழைய மதிலுக்குள் வாழ்ந்த மக்களை வலுக்கட்டாயமாக வெளியேற்றித் தெற்கே ஒரு பொட்டலில் குடியேற்றியது. அதுவே இன்றைய புதிய பகான். தொடர்ந்து பழுதுபார்ப்பு என்ற பெயரில் மீண்டும் கட்டும் வேலை நடந்தது. அடித்தளம் மட்டும் எஞ்சிய இடங்களில்கூட, மேற்பகுதி எப்படி இருந்தது என்பதற்குச் சான்றில்லாமல், புதுச் செங்கல்லில் முழுக் கோயில்கள் எழுந்தன. பெரும்பகுதி நன்கொடையாளர்களின் பணத்தில் நடந்த வேலை அது. கோல்ஃப் மைதானமும் உயரமான காட்சிக் கோபுரமும் வந்தன. 1990களின் நடுவில் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குச் செய்த முயற்சி தோற்றது.

இந்த விஷயத்தில் வெளிநாட்டு நிபுணர்களின் கோபம் நியாயமானது; சான்று அழிந்தால் திரும்ப வராது. ஆனால் கொடையாளிகளைக் குற்றவாளிகளாக நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. இடிந்த கோயிலைக் கட்டிக்கொடுப்பது பர்மியப் பௌத்தர்களுக்கு மிக உயர்ந்த புண்ணியச் செயல். எண்ணூறு ஆண்டுகளாகச் செய்துவருவது. சிதைந்த புத்தரைச் சிதைந்தபடியே வைத்துக் கும்பிடச் சொன்னால் அவர்களுக்கு அது விளங்காது. தவறு, அந்தப் பக்தியை அவசரப் பணியாகவும் அரசியல் விளம்பரமாகவும் மாற்றியவர்களுடையது. வீட்டை இழந்து புதிய பகானுக்குப் போனவர்களைக் கேட்காமலேயே அந்தப் பணி நடந்தது.

2016 ஆகஸ்ட் 24 அன்று சௌக் அருகே மையம் கொண்டு 6.8 அளவில் மீண்டும் நிலம் நடுங்கியது. ஏறக்குறைய 400 சின்னங்கள் பழுதாயின. சூலாமணியின் சிகரம் சரிந்தது. 1990களில் அவசரமாகச் சேர்த்த பகுதிகளே பல இடங்களில் விழுந்தன. இம்முறை மியன்மார் தொல்லியலாளர்கள் உடனே கட்டாமல் முதலில் பதிவு செய்தார்கள், தாங்குகோல் கொடுத்தார்கள், பிற நாட்டு வல்லுநர்களுடன் சேர்ந்து திட்டமிட்டார்கள். ஆனந்தா கோயிலின் பராமரிப்பில் இந்தியத் தொல்லியல் துறையும் பங்கு கொண்டது. 2019 ஜூலையில் பகான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கட்டடக் கலைக்காக மட்டும் அந்தத் தகுதி கிடைக்கவில்லை. புண்ணியம் சேர்க்கும் மரபு இன்றும் அங்கே உயிரோடு தொடர்வதையும் அந்தத் தீர்மானம் தகுதியாகக் கொண்டது. ஒரு காலத்தில் குறையாகப் பேசப்பட்ட வழக்கம் சிறப்பாக ஏற்கப்பட்டது பெரிய மாற்றம். தொல்லியல் எல்லைக்குள் கட்டிய விடுதிகளைப் படிப்படியாக வெளியே மாற்றும் பொறுப்பும் அத்துடன் வந்தது. 2021 பிப்ரவரியில் நடந்த இராணுவக் கவிழ்ப்புக்குப் பின் நாடு உள்நாட்டுப் போருக்குள் விழுந்தது. வெளிநாட்டவர் வரவு மிகவும் சுருங்கியது. இன்று அங்கே போக நினைப்பவர் பயண எச்சரிக்கைகளைப் பார்த்தே முடிவெடுக்கவேண்டும்.

புண்ணியம் சேர்க்கும் அந்த மரபை நேரில் பார்க்கப் பியாதோ மாதத்துப் பௌர்ணமிக்குப் போகவேண்டும். நம் மார்கழி, தை வாக்கில் வரும் அந்த நாளில்தான் ஆனந்தா கோயில் விழா நிறைவடைகிறது. சுற்றுக் கிராமத்தார் வண்டி கட்டிக்கொண்டு வந்து கோயிலைச் சுற்றித் தங்குகிறார்கள். கடலை, எள், வெல்லம், பானை, பாய் எல்லாம் கடை விரிகின்றன. துறவிகள் இரவும் பகலும் இடைவிடாமல் ஓதுகிறார்கள். பௌர்ணமிக் காலையில் ஆயிரம் துறவிகள் வரிசையாக வர, அவர்கள் பாத்திரங்களில் மக்கள் அரிசியும் பணமும் பண்டமும் இடுகிறார்கள். அறுவடை முடிந்து கையில் விளைச்சல் இருக்கும் காலம், பாதையில் சேறு இல்லாத காலம் என்பதால் இந்த மாதத்தில் விழா. விளைந்ததைக் கொடுத்துவிடும் அதே ஓட்டம், சிறிய அளவில், கண் முன்னால் நடக்கிறது.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். கோயில்களின் மேல் ஏறுவது 2016க்குப் பின் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டுவிட்டது; சூரியோதயம் பார்க்கச் செயற்கை மேடுகள் அமைத்திருக்கிறார்கள். எந்தக் கோயிலிலும், இடிந்ததானாலும், செருப்பும் காலுறையும் கழற்றியே நுழையவேண்டும். ஓவியங்களைப் பார்க்கக் கைவிளக்கு தேவை. படம் எடுக்கச் சில இடங்களில் அனுமதி இல்லை. பெருங்கோயில்களில் கூட்டம் சேரும் மாலை நேரத்தைச் சிறு கோயில்களுக்குக் கொடுக்கலாம்.

பகானுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்பவருக்கு நான் சொல்வது மியின்கபா. ஆனந்தாவைக்கூட அடுத்த வருகைக்கு வைத்துக்கொள்ளலாம். மியாசேதி தூணும் குபியாவுக்ஜியும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. சற்று நடந்தால், சிறைப்பட்ட மொன் மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் மனுஹா கோயிலும், மணற்கல்லில் நான்முகனைச் செதுக்கிய தூண்கள் கொண்ட நன்பயாவும். குலசேகர நம்பியின் கல்வெட்டு கிடைத்ததும் இந்தப் பகுதியில்தான். ஊருக்குள் வீட்டுக்கு வீடு அரக்குப் பாத்திர வேலை நடக்கிறது. மூங்கில் பிளாச்சிலும் குதிரை மயிரிலும் கிண்ணம் முடைந்து, தித்சி மரத்துப் பாலைப் பூச்சுப் பூச்சாக ஏற்றுகிறார்கள். அந்தப் பால் இறுகக் காற்றில் ஈரம் வேண்டும். பகானின் வறண்ட காற்றில் அது நடக்காது. அதற்காக ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே பாத்திரங்களை நிலவறைக்குள் இறக்கி நாள்கணக்கில் வைக்கிறார்கள். 1924இல் தொடங்கிய அரக்கு வேலைப் பள்ளியும் பகானில் இருக்கிறது. நல்ல பாத்திரம் ஒன்று முடியப் பல மாதங்கள் ஆகும். அவற்றுள் சில விற்பனைக்கு வராமல், துறவிகளுக்கு உணவு எடுத்துச் செல்லும் கோபுர மூடிப் பாத்திரங்களாக நேரே மடங்களுக்குப் போகின்றன.